கூரத்துத் திடலில் பதின்மூன்றாவது பெண்

கொட்டாங்குச்சியில் சுண்ணாம்புத் தூளை அள்ளி, விரலிடுக்கில் மெல்லச் சிந்தவிட்டபடி அந்தப் பெண் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். தரையில் இழுத்துக் கட்டிய கயிற்றை ஒட்டி வெள்ளைக் கோடு நீண்டது. நடுக்கோடு முடிந்ததும் அதிலிருந்து மூன்று மீட்டர் அளந்து பாக் லைன், பாக் லைனிலிருந்து இன்னொரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. ஒரு கோடும் கோணவில்லை. முழங்கை வரை வெள்ளை படிந்திருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணி. ஆடிக் காற்று எழும்புவதற்குள் கோடு போட்டு முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவள் நடையில் தெரிந்தது.

கூரத்துக்கு நான் போனது கோயில் பார்க்க. காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது இந்தச் சிற்றூர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் கூரம் செப்பேடு தமிழக வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த ஆவணம். இங்கே எழுந்த சிவன் கோயிலுக்கும், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் மன்னன் கொடை கொடுத்ததை அது சொல்கிறது. பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி, பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததையும் சொல்கிறது. அந்தக் கோயில் தூங்கானை மாட வடிவில் இன்றும் நிற்கிறது, மேற்கட்டுமானத்தை இழந்து, கற்சுவரோடு.

கோயிலுக்குப் போகிற வழியில் திடலைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து பெண்கள் காலில் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் விசிலோடு அவர்களுடைய உடற்கல்வி ஆசிரியர். அடுத்த வாரம் குறுவட்டப் போட்டி. பள்ளி மைதானத்தில் மழைத் தண்ணீர் நிற்பதால் ஊர்த் திடலுக்கு அழைத்து வந்திருக்கிறார்.

“கோடு போடற பொண்ணு டீம்ல இருக்காளா சார்?” என்று கேட்டேன்.

“பதிமூணாவது ஆளு சார். பன்னெண்டு பேர்தான் எடுக்க முடியும்” என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

அந்தப் பதிலைக் கேட்டபின் கோயில் இரண்டாவதாகிவிட்டது.

கபடி அணிக்குப் பன்னிரண்டு பேர். களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள். நம் பள்ளிகளில் இந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது வயதை வைத்து: 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் பள்ளிக்கு ஓர் அணி. அந்த அணி முதலில் குறுவட்டத்தில் பக்கத்துப் பள்ளிகளோடு மோதும். அங்கே வென்றால் மாவட்டம், அதையும் தாண்டினால் மாநிலம். பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏணி இது. மாநிலத்தில் மின்னுகிறவர்களுக்கு 1954-ல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி வரை வழி உண்டு.

இந்த ஏணியின் உச்சியைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணிக்குத் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. தங்கம் வென்ற ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ். கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் பஹ்ரைன் போய்த் தங்கத்தோடு திரும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள்தான் கூரத்துத் திடலில் அன்று ஓடிக்கொண்டிருந்தவர்களும். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. ஒரு கிராமத்துப் பெண்ணுக்குச் சான்றிதழ் என்பது வீட்டில் “விளையாடப் போறேன்” என்று தலைநிமிர்ந்து சொல்வதற்கான உரிமைச் சீட்டு. அணிக்குள் வருவதும் வராமல் போவதும் அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

கோடு போட்டு முடித்து, கொட்டாங்குச்சியை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு அவள் கைகழுவ வந்தாள். பேச்சுக் கொடுத்தேன்.

“போன வருஷம் ஆடினியாம்மா?”

“ஆடினேன் சார். ஃபோர்டீன்ல ரைட் கார்னர். மாவட்டம் வரைக்கும் போனோம்.”

“இந்த வருஷம்?”

“வயசு தாண்டிடுச்சு சார். மூணு நாள்ல.”

மூன்று நாள். அவள் பிறந்தது ஒரு டிசம்பர் 29. பள்ளி விளையாட்டில் வயதைக் கணக்கிடுவது ஆண்டின் கடைசி நாளை வைத்து. அதற்கடுத்த ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் 14 வயதுப் பிரிவில் இன்னும் ஓர் ஆண்டு ஆடலாம். டிசம்பர் 29-ல் பிறந்தவள் 17 வயதுப் பிரிவுக்குப் போக வேண்டும். நேற்று வரை அந்த அணியில் மூத்தவள். இன்று இந்த அணியில் எல்லோருக்கும் இளையவள். எதிரே நிற்பவர்கள் பதினொன்றாம் வகுப்பு அக்காக்கள். அவள் படிப்பது ஒன்பதாம் வகுப்பு. உயரத்திலும் எடையிலும் அவர்களோடு நிற்க இன்னும் ஓராண்டாவது ஆகும். ஆட்டத்தில் அவளிடம் ஒரு குறையும் இல்லை. பெற்றவள் மருத்துவமனைக்குப் போன தேதி ஒன்றுதான் காரணம்.

பிறந்த மாதம் பிள்ளைகளின் விளையாட்டைத் தீர்மானிக்கிறது என்பதை 1985-ல் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆராய்ந்து சொன்னார் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர். அங்கே தேர்வான இளையோரில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தார்கள். பத்து வயதில் பத்து மாத வித்தியாசம் பெரிய வித்தியாசம். பெரிய பிள்ளையைத் திறமையான பிள்ளை என்று எண்ணி எடுக்கிறோம். எடுத்த பிள்ளைக்கு ஆட்டமும் பயிற்சியும் கிடைக்கின்றன. நாளடைவில் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிறான். விட்டுப்போனவன் விட்டே போகிறான்.

“இது நீ எழுதினதா?” என்று, ஆசிரியர் கையிலிருந்த தகுதிப் படிவத்தைக் காட்டிக் கேட்டேன். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண். பன்னிரண்டு வரியும் அச்சடித்தாற்போல இருந்தன.

“ஆமா சார். என் கையெழுத்து நல்லா இருக்கும்னு சார் என்னையே எழுதச் சொன்னாரு.”

தன் பெயர் இல்லாத பட்டியலைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். சொல்லும்போது முகத்தில் கசப்பு இல்லை. எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று எட்டி ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்தவருக்காகவே பேர் பெற்ற ஊர் கூரம். கூரத்தாழ்வான் இங்கே 1010-ல் பிறந்தார் என்பது வைணவ மரபு. பெரும் செல்வர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இராமானுசரிடம் போய்ச் சேர்ந்தார். போதாயன விருத்தி என்ற நூலைத் தேடிக் குருவும் சீடரும் காஷ்மீரம் போனதையும், கிடைத்த நூல் கையை விட்டுப் போனபோது ஆழ்வான் இரவெல்லாம் படித்து மனத்தில் ஏற்றி வைத்திருந்ததையும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. இராமானுசர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். தனக்கு உடன்பாடில்லாத இடம் வந்தால் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசாரியன் அவருக்குத் தந்த உரிமை. சோழன் அவையிலிருந்து அழைப்பு வந்தபோது, இராமானுசரின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாகப் போனார். அங்கே கண்களை இழந்தார். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. முதல்வருக்கு அடுத்து நின்றவரை ஆயிரம் ஆண்டாகக் கொண்டாடும் மண் இது.

விசில் ஒலித்தது. என் நினைவு திடலுக்குத் திரும்பியது.

பயிற்சி ஆட்டம் தொடங்கப் போகிறது. கபடி தெரிந்தவர்களுக்கு இது எளிய கணக்கு. ஏழுக்கு ஏழு ஆட வேண்டுமென்றால் பதினான்கு பேர் வேண்டும். அணியில் இருப்பதோ பன்னிரண்டு. ஆகவே பதின்மூன்றாவது ஆளும் பதினான்காவது ஆளும் இல்லாமல் பன்னிரண்டு பேர் தயாராக முடியாது. ஆசிரியர் அவளையும், பள்ளி முடித்துப்போன பழைய மாணவி ஒருத்தியையும் எதிரணியில் நிறுத்தினார்.

ரெய்டுக்கு வந்தவள் அணியின் தலைவி. நல்ல உயரம். நடுக்கோட்டைத் தாண்டி, பாக் லைனைத் தொட்டு, போனஸுக்குக் கால் நீட்டினாள். வலது ஓரத்தில் இருந்த நம் சுண்ணாம்புக் கைக்காரி நகரவே இல்லை. கண் மட்டும் அந்தக் காலோடு போயிற்று. நீட்டிய கால் திரும்புகிற அந்த அரைக் கணத்தில் கீழே விழுந்து கணுக்காலைப் பிடித்தாள். தலைவி அவளையும் சேர்த்து ஒரு முழம் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் பாய்ந்தாள். பிடி விடவில்லை. அதற்குள் மற்ற ஆறு பேரும் வந்து விழுந்துவிட்டார்கள். எழுந்தபோது தலைவியின் கணுக்காலைச் சுற்றி ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

“சூப்பர் புடிடி!” என்றாள் தலைவி, அவள் முதுகில் தட்டி.

ஆசிரியர் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ இல்லன்னா அவளுக்கு இந்தப் பிடிலேருந்து தப்பிக்கக் கத்துக்க வழி கிடையாது சார். ஆனா மேட்சுல இவள இறக்க முடியாது” என்றார்.

ஏன் முடியாது என்பதையும் அவரே விளக்கினார். இந்தப் பகுதிப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியே என்ற முறையில் நடப்பவை. இளையோருக்கும் பெண்களுக்கும் பதினைந்து நிமிடம், ஐந்து நிமிட இடைவேளை, மறுபடி பதினைந்து நிமிடம். இந்த முப்பது நிமிட ஆட்டத்தில் தோற்றால் ஓர் ஆண்டு உழைப்பு முடிந்தது. அப்படி இருக்கையில் எந்தப் பயிற்சியாளரும் புதியவளை இறக்கிப் பார்க்கத் துணிய மாட்டார். வெளியே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரே பல சமயம் களம் காணாமல் வீடு திரும்புகிறார்கள். பதின்மூன்றாவது ஆளுக்கு அந்த வேன் பயணம்கூட இல்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பள்ளியின் முதல் அணிக்குப் பெயர் வார்சிட்டி. யுனிவர்சிட்டி என்ற சொல்லின் பழைய பேச்சு வடிவம் அது. பெரும்பாலும் மேல் வகுப்பு மாணவர்கள் அதில் ஆடுவார்கள். அதற்கு அடுத்தது ஜூனியர் வார்சிட்டி, சுருக்கமாக ஜே.வி. கீழ் வகுப்புப் பிள்ளைகளும், முதல் அணிக்கு இன்னும் பழுக்காதவர்களும் அதில். ஜே.வி. பிள்ளைகள் முதல் அணியின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அவர்களுக்கென்று போட்டி அட்டவணை உண்டு, பயிற்சியாளர் உண்டு. பக்கத்துப் பள்ளியின் ஜே.வி. அணியோடு மோதுவார்கள். கூடைப்பந்தில் மாலையில் முதல் அணி ஆடுவதற்கு முன்னால் அதே அரங்கில், அதே பலகையில் புள்ளி ஏற ஏற, இவர்கள் ஆட்டம் நடக்கும்.

1978-ல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் லேனி உயர்நிலைப் பள்ளியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் முதல் அணிப் பட்டியலில் தன் பெயரைத் தேடினான். இல்லை. அவன் வகுப்பிலிருந்து இடம் கிடைத்தது அவனைவிட உயரமான நண்பனுக்கு. அழுதான். ஜே.வி. அணியில் போய் ஆடினான். அந்த ஆண்டு முழுதும் களத்தில் இருந்தான், புள்ளிகளைக் குவித்தான், இதற்கிடையே வளர்ந்தான். அவன் பெயர் மைக்கேல் ஜோர்டன். இந்தக் கதையை நிராகரிப்பின் கதையாகவே எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது அணி இருந்ததன் கதையாகப் படுகிறது. லேனி பள்ளியில் ஜே.வி. இல்லாதிருந்தால் அந்த ஆண்டு அவன் தண்ணீர் தூக்கியிருப்பான், அல்லது கோடு போட்டிருப்பான்.

நமக்கு ஏணி இருக்கிறது, அதன் படிகளும் வலுவானவை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்குக் கால் வைக்க இடமில்லை. மூன்றே நாளில் அந்த இடைவெளியில் விழுந்தவளை அன்று காலை கூரத்தில் பார்த்தேன்.

பத்து மணிக்கு விடைபெற்றுக் காஞ்சிபுரம் வந்து, குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க உத்திரமேரூர் பேருந்தில் ஏறினேன். தெற்கே பாலாற்றைக் கடக்கும்போது ஆறு மணலாகக் கிடந்தது. காலையில் நினைத்த பல்லவன் கால்வாய் இந்த ஆற்றிலிருந்துதானே போயிற்று என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனேன்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பாடப்புத்தகத்தில் படிக்காத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. அன்று அந்தச் சுவரை நான் ஓர் அணித் தேர்வு விதியாகவே படித்தேன். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்க முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இப்போது இடமில்லை, மற்றவருக்கு வழிவிட வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழக்கிறார், அவருடைய உறவினரும் இழக்கிறார்கள். குடத்தை எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும், மறைக்க இடமிருக்கக் கூடாது. பிறகு உரக்கப் படிக்க வேண்டும்.

அந்தச் சபையின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். நான் காலையில் சந்தித்த பெண்ணைப் போன்ற யாருக்கும் அங்கே இடமில்லை. அதை மறந்துவிட்டு இந்தச் சுவரைப் பெருமை பேசக் கூடாது. ஆனால் இரண்டு பாடத்தை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். தேர்வு விதி எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப உட்காராமல் இடம் சுற்றிவர வேண்டும் என்பது மற்றொன்று. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் வாரியத்துக்கு இவ்வளவு யோசித்த ஊர்கள், தம் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் யோசிக்கலாம்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலையாகவும் தெரியவில்லை. 2024-ல் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று பொருள்கள் வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. பந்தும் வலையும் ஊர் வரை வருகின்றன. கூடவே ஆட்டமும் வர வேண்டும். குறுவட்டத்தில் இரு பள்ளிகள் மோதுவதற்கு முன்னால், அதே களத்தில், அதே நடுவர் முன்னிலையில் அந்த இரு பள்ளிகளின் இரண்டாவது அணிகளுக்குப் பத்துப் பத்து நிமிடம் ஓர் ஆட்டம். கோடு ஏற்கெனவே போட்டிருக்கிறது. வேன் ஏற்கெனவே வந்திருக்கிறது. அதில் இன்னும் ஏழு பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள். அந்த ஆட்டத்துக்கு அடுத்த படி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆடியதற்கு ஒரு சான்றும், அடுத்த ஆண்டுத் தேர்வில் அதற்கு ஒரு மதிப்பும் இருந்தால் போதும். ஒரு பள்ளிக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர், அவரும் பல சமயம் பிஸ்கட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் தன் சட்டைப்பையில் கைவிடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. அவருக்குத் துணையாக ஊர் நிற்க வேண்டும். கபடி ஆடிய அண்ணன்மாரும் அக்காமாரும் எந்த ஊரில் இல்லை?

மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது காலை ஆட்டத்தின் இன்னொரு காட்சி நினைவுக்கு வந்தது. அந்தக் கணுக்கால் பிடிக்குப் பிறகு சற்று நேரத்தில் அவள் அவுட் ஆனாள். கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எதிரணியில் ஒருத்தி வீழ்ந்ததும் முதலில் அவுட்டானவள் எழுந்து உள்ளே போனாள். இன்னொருத்தி வீழ்ந்ததும் இவள் எழுந்தாள். உயிர் வருவது என்று இதைச் சொல்கிறோம். எந்த வரிசையில் வெளியே போனார்களோ அந்த வரிசையில் உள்ளே வரலாம். முந்த முடியாது, யாரும் மறக்கவும் மாட்டார்கள். நம் ஊரில் பிறந்த ஆட்டத்தின் சட்டம் இது. வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கும் ஒரு முறை வரும் என்று அது உறுதி சொல்கிறது. களத்துக்குள் நாம் கொடுக்கும் இந்த உறுதியைக் களத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்தப் படிவம் குறுவட்டப் போட்டி நடக்கும் பள்ளியின் மேசைக்குப் போய்ச் சேரும். பன்னிரண்டாவது பெயருக்குக் கீழே தாளில் கால் பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்திருந்தேன். இன்னும் ஏழு பெயர் எழுத அந்த இடம் போதும். எழுதுவதற்கு நல்ல கையெழுத்துள்ள பெண் ஒருத்தியும் கூரத்தில் இருக்கிறாள்.